உயரழுத்தக் கம்பியும் அம்பிளிக்கைப் பதிவேடும்

பழனியிலிருந்து உடுமலைக்குப் போகும் சாலையில் தெற்கே மலைத்தொடர் கூடவே வரும். வடக்கே பார்த்தால் மக்காச்சோளக் காடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலாக இரும்புக் கோபுரங்கள் வரிசைகட்டி நிற்கும். உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் உண்டாக்கும் மின்சாரம் இப்படிப்பட்ட கம்பிகளில்தான் ஊர் தாண்டிப் போகிறது. உடுமலையில் பவர் கிரிட் நிறுவனத்தின் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் கம்பிப் பாதை 'டவர் லைன்'. ஈரக்காற்று அடிக்கும் இரவில் அதன் அடியில் நின்றால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் விடாமல் கேட்கும்.

2018ஆம் ஆண்டின் கடைசியில் கொங்கு மாவட்ட விவசாயிகள் புதிய உயரழுத்தப் பாதைகளை எதிர்த்துப் போராடினார்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்பிக்குக் கீழே டியூப்லைட்டைக் கையில் பிடித்துக் காட்டினார்கள். வயர் எதுவும் இல்லாமலே அது எரிந்தது. கண்கட்டு வித்தை ஏதும் அதில் கிடையாது. அப்படி விளக்கையே எரிய வைக்கும் ஒன்று, அதன் கீழே நாள் முழுக்கக் களையெடுக்கும் மனிதனை என்ன செய்யும்? இந்தக் கேள்வியைப் படிக்காதவர்களின் பயம் என்று தள்ளிவிடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நியாயமான கேள்வி இது. நியாயமான விடை சொல்லவேண்டியது அறிவியலின் கடமை.

கேள்வியைச் சற்றுக் குறுக்கிக்கொள்வோம். நடுவயது தாண்டிய ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கம்பிக்குக் கீழே உழுகிறவர், கம்பத்தில் ஏறும் லைன்மேன், வேட்டிக்குள்ளே பட்டாப்பட்டி டிராயரின் பையில் செல்போனைப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போகிறவர் என எல்லாருமே ஆண்கள். அடிவயிற்றுக்குப் பக்கத்தில் போன், தலைக்கு மேலே கம்பி என்றால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

புராஸ்டேட் சுரப்பி நீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. விந்துநீரின் ஒரு பகுதியை அதுதான் சுரக்கிறது. வயதாக ஆக அது பெருப்பது இயல்பு. ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகவேண்டியிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கமே காரணம், அது புற்றுநோய் கிடையாது. புற்றுநோயும் வரும், அதுவும் வயதோடுதான் வரும். எழுபதைக் கடந்து வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவருக்கே தெரியாமல் புராஸ்டேட்டில் சிறு புற்று இருந்தது தெரியவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பியைச் சுற்றி இருப்பவை இரண்டு. ஒன்று மின்புலம், அது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மற்றது காந்தப்புலம், அது ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. டியூப்லைட்டை எரியவைத்தது மின்புலம். உயரழுத்தக் கம்பிக்கு நேர் கீழே அது ஒரு மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட் வரை இருக்கும். குழலுக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்த வாயு ஒளிர மிகச் சிறிய மின்னோட்டமே போதும். மனித உடம்போ உப்புநீர் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்தும். அதனால் வெளியே இருக்கும் மின்புலம் தோலோடு அடங்கிவிடுகிறது. உள்ளே எட்டுவது லட்சக்கணக்கான மடங்கு குறைவு. காந்தப்புலத்துக்கு அந்தத் தடை கிடையாது. சதை, எலும்பு, சுவர் என எல்லாவற்றையும் கடந்துபோகும். அதனால்தான் ஆய்வாளர்கள் மின்புலத்தை விட்டுவிட்டுக் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

காந்தப்புலம் பழனிக்குப் புதிதல்ல. நம் தலைக்கு மேலே கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கு பூமியின் காந்தப்புலத்தையும் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பகுதியில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. உயரழுத்தக் கம்பிக்கு நேர் கீழே இருப்பது அதிகபட்சம் 20 மைக்ரோடெஸ்லா அளவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50 முதல் 100 மீட்டர் தள்ளிப் போனால், கம்பியே இல்லாத இடத்தில் உள்ள அளவுக்கு அது இறங்கிவிடும். முடி உலர்த்தும் கருவியையோ மின்சார ஷேவரையோ முகத்தருகே பிடித்தால் அதைவிடப் பல மடங்கு அதிகம், ஆனால் சில நிமிடங்களுக்குத்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பூமியின் புலம் அசையாமல் நிற்கிறது. கம்பியின் புலம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி வருகிறது. மாறும் புலம் உடலுக்குள் சிறு மின்னோட்டங்களைத் தூண்டும். ஆகவே "பூமியைவிடக் குறைவுதானே" என்று சொல்லி முடித்துவிட முடியாது. ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதையில் ஓடுவது நேர்மின்னோட்டம். அதைப் பார்த்துப் பலர் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் அதில் இந்த 50 ஹெர்ட்ஸ் ஆட்டமே கிடையாது.

எக்ஸ்ரேயும் காமா கதிரும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை. அவற்றின் ஒரு துகளே செல்லின் மரபணு இழையை முறித்துவிடும். வேதிப் பிணைப்பு ஒன்றை முறிக்கச் சில எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு துகளில் இருப்பது ஒரு எலெக்ட்ரான்வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது இன்னும் 1.8 கோடி மடங்கு சிறியது. 'கதிர்வீச்சு' என்ற ஒரே பெயரின் கீழ் வந்தாலும் கூடங்குளம் அணுமின் நிலையமும் செல்போன் கோபுரமும் ஒன்றாகிவிடாது.

முறிக்கும் ஆற்றல் இல்லை என்பதால் வேறு வழியே இல்லை என்றும் ஆகாது. புராஸ்டேட் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட உறுப்பு. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் அதில் வந்த புற்று சுருங்குகிறது என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன் வழியாக மின்சாரம் உடலைத் தொடுகிறதா என்ற கேள்வியை 1987இல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுப்பினார். இரவு இருட்டில் மூளை சுரக்கும் மெலடோனின், மின்விளக்காலும் மின்காந்தப் புலத்தாலும் குறையலாம், அதனால் மார்பகம் போன்ற ஹார்மோன் சார்ந்த உறுப்புகளில் புற்று வரலாம் என்பது அவருடைய கருதுகோள். சோதித்துப் பார்க்க முடிந்தது என்பதுதான் அதன் அழகு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சார்லஸ் கிரஹாமின் குழு இளைஞர்களை இரவு முழுக்க 20 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தில் படுக்கவைத்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. முதல் சோதனையில், இயல்பாகவே மெலடோனின் குறைவாக உள்ள சிலருக்கு அது மேலும் குறைந்ததுபோலத் தெரிந்தது. அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு காணாமல் போனது. வெளிச்சத்தின் கதை வேறு. அது மெலடோனினை நிச்சயமாகக் குறைக்கிறது. இரவுப் பணியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று வலுவாகக் கருதத்தக்கது' என்ற 2ஏ பிரிவில் 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது; 2019இல் மீண்டும் பரிசீலித்து அதையே உறுதிசெய்தது. மனிதர்களிடம் ஓரளவு சான்று இருப்பதாக அது சொன்ன உறுப்புகளில் புராஸ்டேட்டும் ஒன்று. 2006இல் ஜப்பானில் 14,052 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பகலும் இரவும் மாறி மாறி ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்று மூன்று மடங்கு வந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய விளைவைக் காட்டவில்லை. ஆனாலும் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் தொழிலாளியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. டவர் லைனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கம்பிகளைப் பற்றிய பயத்துக்குத் தொடக்கம் 1979. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும், அதிக மின்னோட்டம் ஓடும் கம்பிகளுக்கு அருகில் இருந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகமாக வந்ததாகக் கண்டார்கள். 2000இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. அந்த அளவு புலம் உள்ள வீடுகளோ மிகச் சில. இதை வைத்துத்தான் 2002இல் முகமை இத்தகைய காந்தப்புலத்தை 2பி பிரிவில் வைத்தது. 2பி என்றால் 'சாத்தியம் இருக்கலாம், உறுதியில்லை' என்று பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த முடிவு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மட்டுமே பற்றியது. மற்ற எல்லாப் புற்றுகளுக்கும், புராஸ்டேட் உட்பட, சான்று போதவில்லை என்று அதே அறிக்கை சொன்னது. அந்தப் பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை.

புராஸ்டேட்டைப் பற்றிய வலுவான எச்சரிக்கை 2003இல் வந்தது. அமெரிக்காவின் ஐந்து மின் நிறுவனங்களில் 1950க்கும் 1986க்கும் இடையில் வேலை பார்த்த சுமார் 1,39,000 ஆண்களை வைத்து லுயென்டா சார்லஸும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு அது. காந்தப்புலத்தில் மிக அதிகமாக வேலை பார்த்த பத்தில் ஒரு பங்கினர் புராஸ்டேட் புற்றால் இறப்பது மற்றவர்களைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இந்த ஆண்கள் கம்பிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அல்லர். கம்பியிலேயே வேலை பார்த்தவர்கள். ஆனால் ஒரே ஆய்வு ஒருபோதும் முடிவாகாது. அதற்கு முன்பும் பின்பும் வந்த மின்தொழிலாளர் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மின்சாரப் போர்வை போர்த்தித் தூங்கும் வழக்கமுள்ள அமெரிக்க ஆண்களை ஆராய்ந்த 1999ஆம் ஆண்டு ஆய்வில் சிறிய ஏற்றம் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. போர்த்திய ஆண்டுகள் கூடக்கூட நோய் கூடவும் இல்லை. உண்மையான காரணமாக இருந்தால் அளவு கூடும்போது நோயும் கூடவேண்டும்.

செல்போனுக்கு வருவோம். டென்மார்க்கில் 4,20,095 செல்போன் சந்தாதாரர்களை 2002 வரை தொடர்ந்தபோது புற்றுநோய் மொத்தத்தில் கூடவில்லை. எலிகளில் நடந்த சோதனைதான் பலரும் மேற்கோள் காட்டுவது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்டது. ஆண் எலிகளின் முழு உடம்பிலும் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள் அலையைப் பாய்ச்சினார்கள். இதயத்தில் வந்த ஒருவகைக் கட்டிக்குத் தெளிவான சான்று என்று அறிவித்தார்கள். புராஸ்டேட் கட்டி பற்றி அவர்கள் சொன்னது: தெளிவற்ற சான்று. அதாவது உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அலை பட்ட எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பரில் செல்போன் கோபுரங்களுக்கான வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

செல்போன் கோபுரங்கள் வந்த பிறகுதான் புராஸ்டேட் புற்று அதிகமாகியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் செல்போன் வந்தது 1995இல். அதே காலத்தில்தான் நம் ஆண்கள் எழுபதையும் எண்பதையும் தொடத் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் புராஸ்டேட் புற்றைத் தேடும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை சிறு ஊர்களின் ஆய்வுக்கூடங்கள் வரை வந்தது. முன்பு சொன்ன அந்த மூன்றில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேடினால் கிடைக்கும் நோய் இது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் பிஎஸ்ஏ பரவியதும் புராஸ்டேட் புற்று கண்டறியப்படுவது சட்டென்று உச்சத்துக்குப் போனது. யாருடைய உடம்பும் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. டவர் லைனுக்குக் கீழே நிற்கும் அந்த விவசாயியின் முதுகில் பெரும்பாலும் மருந்து தெளிக்கும் டேங்க் இருக்கிறது. முகத்தில் ஒரு துண்டுகூட இருக்காது. அமெரிக்காவின் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிப்பவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடரும் விவசாயிகள் உடல்நல ஆய்வில், அவர்களிடம் புராஸ்டேட் புற்று பொதுமக்களைவிட அதிகம் என்று தெரிந்தது. மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை 2015இல் முகமை 2ஏ பிரிவில் வைத்தபோது, மனிதர்களிடம் ஓரளவு சான்று உள்ள புற்றுகளாகக் குறிப்பிட்ட இரண்டில் புராஸ்டேட்டும் ஒன்று. மேலே உள்ள கம்பியைவிட முதுகில் உள்ள டேங்குக்கு எதிரான சான்று வலுவானது. கம்பிக்குக் கீழே நோய் அதிகம் என்று நாளை யாராவது கண்டுபிடித்தால், டேங்கைக் கணக்கில் எடுத்தீர்களா என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது.

இதையெல்லாம் அமெரிக்காவையும் டென்மார்க்கையும் வைத்தே பேசவேண்டியிருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் மாவட்டம் இந்த விஷயத்தில் ஏழை மாவட்டம் இல்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊரில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. 2003 முதல் மாவட்டத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்பதைப் பதியும் பதிவேடு அங்கிருந்து நடக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் துணை. உலகின் தரமான புற்றுநோய்ப் பதிவேடுகளைத் தொகுக்கும் நூல்வரிசையில் லண்டன், ஒசாகா போன்ற ஊர்களின் கணக்கோடு திண்டுக்கல் கணக்கும் அச்சாகியிருக்கிறது. நோயாளி திண்டுக்கல்லிலும் காட்டியிருப்பார், மதுரைக்கும் போயிருப்பார், கோவைக்கும் போயிருப்பார். ஒருவரை மூன்று பேராக எண்ணிவிடக் கூடாது. வீட்டிலேயே இறந்தவரை விட்டுவிடவும் கூடாது. அதற்காக மருத்துவமனைக் கோப்புகளையும் இறப்புப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கவேண்டும். பொறுமையான வேலை.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் பெரிது. இந்த மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களை ஊர் ஊராகக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 49,311 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள அழைப்பு. 57 தொகுதிகளில் 30,958 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பரிசோதனை என்பது பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான். அழைப்புக் குழுவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டது. அழைக்கப்படாத பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்று பின்னாளில் கடும் விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் முடிவு உலகம் முழுக்கப் பயன்பட்டது.

டவர் லைனுக்கு இப்படிக் குலுக்கல் போட முடியாது. யாரையும் கம்பிக்குக் கீழே குடிவைக்க முடியாது. அப்படியானால் எவ்வளவு பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 21.6 லட்சம்; ஆண்கள் ஏறத்தாழ 10.8 லட்சம். ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஐந்து பேருக்குப் புராஸ்டேட் புற்று வருவதாக வைத்துக்கொண்டால் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 54 பேர். நூறில் ஒருவர் கம்பிக்கு அருகில் வசிப்பதாக வைத்துக்கொண்டால் அவர்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருவர். கம்பி இந்த நோயை இரண்டு மடங்காக்குகிறது என்றே இருந்தாலும், இருபது ஆண்டுகள் காத்திருந்தால் பத்துக்குப் பதில் இருபது பேர். அதையும் வயது, பூச்சிமருந்து, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் கழித்துப் பார்க்கவேண்டும். அதனால்தான் ஒரே தெருவில் மூன்று பேருக்கு வந்துவிட்டது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடிவதில்லை. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. சிலவற்றில் தற்செயலாகவே மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள்.

சரியான குழு லைன்மேன்கள்தான். அவர்களுக்குத்தான் புலத்தின் அளவு அதிகம். யார் எந்த ஆண்டு எந்தத் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தார் என்ற பணிப்பதிவேடு மின்வாரியத்திடம் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு இணைத்தால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் மண்ணிலிருந்தே ஒரு விடை கிடைக்கும். அதற்குள் கம்பத்தில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ரப்பர் கையுறையும் இடுப்புப் பெல்ட்டும் கிடைக்கவேண்டும். மின்சாரம் அவனை இன்று கொல்வது மின்அதிர்ச்சியால்தான்.

இன்றைய நிலையில் என் தீர்ப்பு இது: மின்காந்தப் புலம் புராஸ்டேட் புற்றை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. கம்பிக்கு 100 மீட்டர் தள்ளிக் குடியிருப்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. கம்பியிலேயே வாழ்நாள் முழுக்க வேலை பார்ப்பவர் விஷயத்தில் கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஆண் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சிறுநீர் தடைப்பட்டு வந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, இடுப்பெலும்பில் விடாத வலி இருந்தாலோ வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பிஎஸ்ஏ பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரிடம் பேசி முடிவெடுங்கள். மருந்து தெளிக்கும்போது முகத்தையும் கையையும் மூடுங்கள். உங்கள் ஊரில் புற்றுநோய் அதிகம் என்று தோன்றினால் பெயர், வயது, எந்த உறுப்பு, எந்த ஆண்டு, என்ன வேலை பார்த்தார், எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதி அம்பிளிக்கைப் பதிவேட்டுக்கோ மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.